வேலைக்கான தோல் பூட்ஸ்: தேர்ந்தெடுப்பது, நமக்கேற்ப அமைப்பது, காலுக்குப் பழக்குவது

நாள் முழுவதும் நின்றும் நடந்தும் ஏறியும் இறங்கியும் உழைக்கிறவருக்குப் பூட்ஸும் ஒரு கருவிதான். ஆனால் சுத்தியலையோ ரம்பத்தையோ வாங்கிய அன்றே வேலையில் இறக்கிவிடுவதுபோல, தடித்த தோலில் தைத்த பூட்ஸை இறக்கிவிட முடியாது. பட்டறையை விட்டு வெளியே வரும்போது அது முக்கால்வாசிதான் முடிந்திருக்கிறது. மீதியை அணிகிறவரின் கால் தன் எடையாலும் சூட்டாலும் வியர்வையாலும் சில வாரங்களில் செய்து முடித்துக்கொள்கிறது. கடையில் மெத்தென்று இருந்த ஜோடி சில மாதங்களிலேயே தொளதொளத்துப் போவதையும், முதல் வாரம் கட்டைபோல் இருந்த ஜோடி ஆண்டுக்கணக்கில் உழைப்பதையும் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

ஆகவே தேர்ந்தெடுக்கும்போதும், மாற்றி அமைக்கும்போதும், பழக்கும்போதும் ஒரே கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது: இது நாளாக நாளாக இளகுமா, இளகாதா? நீளம் இளகாது. குதிகாலைச் சுற்றியுள்ள கெட்டியான கிண்ணமும் பெரிதாக இளகாது. உள்ளங்கால் வளைவு வந்து அமர வேண்டிய இடம் நகராது. விரல்களுக்கு மேல் இரும்புக் கவசம் இருந்தால் அது நூலளவும் விட்டுக்கொடுக்காது. பெருவிரல் மூட்டருகே உள்ள அகலமும், புறங்காலின் மேல் உள்ள இறுக்கமும் ஓரளவு விட்டுக்கொடுக்கும். கணுக்காலைச் சுற்றியுள்ள விறைப்பும், உள்ளே பாதம் படியும் தோலின் கடினமும் நிச்சயமாக இளகும். இளகாதவற்றை வாங்கும்போதே சரியாகப் பெற்றுவிட வேண்டும். ஓரளவு இளகுபவற்றை ஆர்டர் கொடுக்கும்போதோ காலணித் தொழிலாளியிடமோ சரிசெய்துகொள்ளலாம். நிச்சயம் இளகுபவற்றைக் காலத்திடம் விட்டுவிடலாம். விறைப்பாக இருக்கிறதே என்று நல்ல பூட்ஸைத் திருப்பிக் கொடுப்பவர்களும் உண்டு. நீளம் போதாத பூட்ஸைப் போகப்போகச் சரியாகிவிடும் என்று நம்பி வைத்துக்கொள்பவர்களும் உண்டு. இவர்களில் பின்னவர்களே அதிகம் துன்பப்படுகிறார்கள்.

பாதத்தை அளப்பது

பகலெல்லாம் நின்ற பாதம் மாலையில் சற்று வீங்கியிருக்கும் என்பதால், அளவை மாலையில் எடுப்பதே சரி. வேலைக்குப் போடும் அதே காலுறையை அணிந்துகொண்டு, இரண்டு கால்களிலும் எடையைச் சமமாக ஊன்றி நிற்க வேண்டும். உட்கார்ந்தபடி அளந்தால் பாதம் விரியாது, அளவு குறைவாகவே வரும். தரையில் விரித்த தாளின் மேல் நின்று, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, வேறொருவரைக் கொண்டு பாதத்தைச் சுற்றி வரையச் செய்யுங்கள். நீங்களே குனிந்து வரைந்தால் எடை ஒரு பக்கம் சாயும். பென்சில் உள்பக்கம் சாய்ந்தாலோ சில மில்லிமீட்டர் காணாமல் போகும்.

குதிகாலின் பின்முனையிலிருந்து நீண்ட விரலின் நுனி வரை ஓர் அளவு; சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாவது விரல் நீளமாக இருக்கும் என்பதையும் கவனியுங்கள். குதிகாலிலிருந்து பெருவிரலின் அடிமூட்டு வரை இன்னோர் அளவு. தையல் நாடாவால் மூட்டுகளைச் சுற்றி ஒன்று, புறங்கால் மேட்டைச் சுற்றி ஒன்று. இரண்டு பாதங்களையும் தனித்தனியே அளக்க வேண்டும், ஏனெனில் பெரும்பாலோருக்கு அவை ஒத்திருப்பதில்லை. பூட்ஸைப் பெரிய பாதத்துக்கே வாங்க வேண்டும்.

இவற்றில் பலரும் விட்டுவிடுவது இரண்டாவது அளவு. அமெரிக்கரான சார்லஸ் பிரானக் 1920களில் உருவாக்கிய உலோக அளவுகோல் இன்றும் நல்ல காலணிக் கடைகளில் இருக்கிறது; அது மொத்த நீளம், அகலம் ஆகியவற்றோடு குதிகாலிலிருந்து மூட்டு வரையிலான நீளத்தையும் காட்டுகிறது. மொத்த நீளம் ஒன்றாகவே உள்ள இருவரில் ஒருவருக்கு விரல்கள் குட்டையாகவும் மற்றவருக்கு நீளமாகவும் இருக்கலாம். பாதம் மடிவது மூட்டில். பூட்ஸ் மடிவது அதன் மிக அகலமான இடத்தில். இரண்டும் ஒரே கோட்டில் விழவில்லையென்றால், ஒவ்வோர் அடியிலும் பூட்ஸ் ஓரிடத்தில் மடியப் பார்க்கும், கால் வேறோரிடத்தில் மடியப் பார்க்கும். எத்தனை வாரம் பழக்கினாலும் இந்தச் சண்டை ஓயாது.

அளவு எண்களைக் குருட்டுத்தனமாக நம்பக் கூடாது. பிரிட்டிஷ், அமெரிக்க முறைகளில் ஒரு முழு எண்ணுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி மூன்றில் ஓர் அங்குலம், அதாவது ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர், ஐரோப்பிய முறையில் அது ஏறத்தாழ 6.7 மில்லிமீட்டர். இவற்றையெல்லாம் தாண்டி, பூட்ஸ் எந்த அச்சின் மேல் இழுத்துத் தைக்கப்பட்டது என்பதுதான் முடிவான சங்கதி. தொழிலில் அதை லாஸ்ட் என்பார்கள். ஒரே நிறுவனத்தின் ஒரே எண், இரண்டு லாஸ்ட்களில் இரண்டு விதமாக இருக்கும். விளையாட்டுக் காலணியில் நீங்கள் அணியும் எண்ணை அப்படியே சொல்லி வாங்கினால் தோல் பூட்ஸ் பெரும்பாலும் பெரிதாகவே இருக்கும். பலருக்கு அரை எண் முதல் ஓர் எண் வரை குறைத்தால்தான் பொருந்துகிறது.

அகலம் போதாதபோது நீளத்தைக் கூட்டி வாங்குவது மிகப் பரவலான தவறு. என் முதல் தரமான ஜோடியில் நானும் இதைத்தான் செய்தேன்: மூட்டருகே பிடித்ததால் ஒரு எண் கூட்டி வாங்கினேன். மூட்டு பூட்ஸின் மடிப்புக்குப் பின்னால் தங்கிவிட்டது, குதிகால் ஒவ்வோர் அடிக்கும் மேலே எழும்பியது, இரண்டு மாதம் பொறுத்த பிறகும் குதிகாலின் பின்புறத் தோல் உரிந்துகொண்டே இருந்தது. எனக்குத் தேவைப்பட்டது அதே நீளத்தில் அகலம் கூடிய பூட்ஸ். நல்ல தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு நீளத்துக்கும் பல அகலங்களை வைத்திருக்கிறார்கள். அது கிடைக்காத இடத்தில் அந்த மாதிரியையே விட்டுவிடுவது மேல்.

போட்டுப் பார்க்கும்போது லேஸை முழுமையாகக் கட்டி, கம்பளமோ விரிப்போ உள்ள இடத்தில் நடந்து பாருங்கள்; அடிப்பாகத்தில் கறை படாதவரை பெரும்பாலும் திருப்பிக் கொடுக்க முடியும். நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். சரிவில் இறங்குவதுபோல் நின்றால் விரல் நுனி முன்சுவரில் முட்டக் கூடாது. குதிகால் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் எழும்பினால் கவலை வேண்டாம்: புதிய சோல் வளைய மறுப்பதால் அப்படி நிகழ்கிறது, அது வளையப் பழகியதும் எழும்புவது குறைந்துவிடும். லேஸ் கண்களின் இரு வரிசைகளுக்கும் நடுவே ஏறத்தாழ இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும். புதிதாக இருக்கும்போதே இரண்டு வரிசைகளும் ஒட்டிக்கொண்டால், தோல் இளகிய பிறகு இறுக்கிக் கட்ட இடமே இருக்காது.

தோலைப் பார்க்கக் கற்றுக்கொள்வது

விலங்குத் தோலின் மேற்பரப்பு நெருக்கமான நார்களால் ஆனது. உள்ளே போகப்போக நார்கள் தளர்கின்றன. மேற்பரப்பைத் தேய்க்காமல் அப்படியே விட்டதை ஃபுல் கிரெய்ன் என்கிறார்கள். தழும்பும் பூச்சிக்கடியும் தெரியாமல் மேற்பரப்பைத் தேய்த்து, நிறப்பூச்சும் அச்சு வரியும் கொடுத்தது கரெக்டட் கிரெய்ன். மேலடுக்கைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுவது ஸ்ப்ளிட். வேலைக்கான பூட்ஸில் முதலாவதைத்தான் தேட வேண்டும். உழைப்பைத் தாங்குவது அந்த நெருக்கமான நாரடுக்குத்தான். ‘அசல் தோல்’ என்ற முத்திரை இவற்றில் எது என்பதைச் சொல்வதில்லை.

கண்ணாலும் கையாலும் சோதிக்கலாம். பூட்ஸின் முன்பகுதியில், விரல்கள் மடியும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி, தோலை மெதுவாக உள்நோக்கித் தள்ளுங்கள். நல்ல தோலில் மெல்லிய, நெருக்கமான வரிகள் விசிறிபோல் எழுந்து, விரலை எடுத்ததும் மறையும். தளர்ந்த தோலில் பெரிய சுருக்கங்கள் எழுந்து, மேலடுக்கு தனியே கழன்று நிற்பதுபோல் தெரியும். அது விலங்கின் வயிற்றுப் பக்கத்திலிருந்து வெட்டியதாக இருக்கலாம். பூசி மறைத்த தோலில் வரியே எழாது, அல்லது பிளாஸ்டிக் தாளைப்போல் ஒரே கோடாக மடியும். அடுத்து லேஸுக்கு அடியிலுள்ள நாக்கின் ஓரத்தையோ பூட்ஸின் மேல்விளிம்பையோ வெட்டுமுகமாகப் பாருங்கள்: மேலிருந்து கீழ்வரை ஒரே அடர்த்தியில் நார் தெரிந்தால் நல்லது, பஞ்சுபோன்ற அடுக்கின் மேல் மெல்லிய படலம் ஒட்டியிருந்தால் வைத்துவிடுங்கள். இடது, வலது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதும் அவசியம். ஒன்றின் முன்பகுதி வழவழப்பாகவும் மற்றது சுருக்கமாகவும் இருந்தால் இரண்டும் ஒரே மாதிரி தேயாது.

தடிமன் ஏறத்தாழ 2 முதல் 2.5 மில்லிமீட்டர் இருந்தால் கடின வேலைக்குப் போதும். தோல் வணிகத்தில் தடிமனை அவுன்ஸில் சொல்வார்கள். ஓர் அவுன்ஸ் என்றால் ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர். பதனிடும் முறையும் பழகும் நாளை நிர்ணயிக்கிறது. குரோமிய உப்புகளால் பதனிட்ட தோல் மென்மையானது, நனைவதையும் சூட்டையும் ஓரளவு தாங்குவது, விரைவில் பழகுவது. மரப்பட்டைச் சாறுகளில் வாரக்கணக்கில் ஊறவைத்துப் பதனிட்ட தோல் விறைப்பானது. ஆனால் காலின் வடிவத்தை வாங்கிக்கொண்டு அப்படியே வைத்திருப்பதில் அதற்கு நிகரில்லை. இதனால்தான் மேல்பகுதியைக் குரோமியத் தோலிலும், பாதம் படியும் இன்சோலைப் பட்டைத் தோலிலும் செய்வது பழந்தொழிலாளர்களின் வழக்கம். இரண்டு முறைகளையும் அடுத்தடுத்துக் கையாண்டு, பிறகு எண்ணெயும் மெழுகும் ஏற்றிய தோல்களும் உண்டு. சிகாகோவின் ஹார்வீன் பட்டறையின் குரோம்எக்செல் அவ்வகைக்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. வளைக்கும் இடத்தில் நிறம் வெளுத்து, தேய்த்தால் மீண்டும் கருக்கும் தோல்கள் பெரும்பாலும் இப்படி எண்ணெய் ஊறியவையே.

சொரசொரப்பான உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பித் தைத்த பூட்ஸை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். நெருக்கமான மேலடுக்கு உள்ளே பத்திரமாக இருக்கிறது, வெளியே கீறல் விழுந்தாலும் தெரிவதில்லை, விரைவில் பழகவும் செய்கிறது.

அடிப்பாகமும் தையலும்

மேல்பகுதியும் சோலும் எப்படி இணைகின்றன என்பதே ஆயுளை முடிவு செய்கிறது. பசையால் மட்டும் ஒட்டியது மலிவு, எடை குறைவு; ஆனால் சோல் தேய்ந்தால் அதைப் புதுப்பிப்பது கடினம். வெல்ட் முறையில் மேல்பகுதியின் விளிம்பைச் சுற்றி ஒரு தோல் வாரைத் தைத்து, அந்த வாரோடு சோலைத் தைக்கிறார்கள். ஆகவே தேய்ந்த சோலைப் பிரித்துப் புதிதாகத் தைக்கும்போது மேல்பகுதிக்குச் சேதம் இல்லை. இதை இயந்திரத்தில் செய்யும் முறைக்குக் குட்இயர் வெல்ட் என்று பெயர். ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி வலுவூட்டிய சார்லஸ் குட்இயரின் மகன், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த இயந்திரத்தைக் கொண்டுவந்தார். மேல்தோலின் விளிம்பையே வெளிப்பக்கம் மடித்துச் சோலோடு தைக்கும் ஸ்டிச்டவுன் முறையும் நன்றாக உழைக்கும். சுற்றிலும் தையல் தெரிந்தாலே வெல்ட் என்று முடிவுகட்டிவிடாதீர்கள், சில மலிவான பூட்ஸ்களில் அது வெறும் அலங்காரம். தையல் நூல் சோலின் அடிப்பக்கத்திலோ நடு அடுக்கிலோ வெளிவருகிறதா என்று பாருங்கள்.

உள்ளே தோல் இன்சோல், அதன் கீழே தக்கை நிரப்பு, நடுவில் உள்ளங்கால் வளைவைத் தாங்க ஷாங்க் எனப்படும் எஃகுத் தகடு அல்லது மரத்தகடு: இந்த மூன்றும் இருந்தால் அது பழகக்கூடிய பூட்ஸ். ஏணிப்படியில் நெடுநேரம் நிற்கிறவருக்கு ஷாங்க் இல்லாத பூட்ஸ் ஆகாது. படியின் விளிம்பு முழு எடையோடு உள்ளங்காலில் பதியும்.

சோலைத் தரையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கான்கிரீட் தளத்தில் நிற்பவருக்குக் தனிக் குதி இல்லாத, தட்டையான வெட்ஜ் சோல் எடையைப் பரவலாக்கி ஓய்வு தரும். சேற்றில் அது வழுக்கும். சேறு, பாறை, சரிவு என்றால் ஆழமான பற்கள் உள்ள ரப்பர் சோல் வேண்டும். 1935இல் ஆல்ப்ஸில் ஆறு மலையேறிகள் உயிரிழந்த விபத்துக்குப் பிறகே விட்டாலே பிரமானி அத்தகைய ரப்பர் சோலை உருவாக்கினார்; அவர் பெயரின் சுருக்கமே விப்ரம். ஏணியில் ஏறுபவருக்குக் குதியின் முன்விளிம்பு செங்குத்தாக இறங்க வேண்டும், அதுதான் படியைக் கவ்வும். எண்ணெய் சிந்தும் இடத்துக்கு நைட்ரைல் ரப்பர் ஏற்றது. பாலியூரித்தேன் சோல் மெத்தென்று இருந்தாலும், ஈரக்காற்றில் சில ஆண்டுகளில் தானே பொடியாகும், அலமாரியில் வைத்திருந்தாலும்கூட.

விரல்களின் மேல் கனமான பொருள் விழக்கூடிய வேலை என்றால் கவசத்தில் சமரசம் கூடாது. ஐஎஸ்ஓ 20345 தரப்படி விரல் கவசம் 200 ஜூல் மோதலையும் 15 கிலோநியூட்டன் அமுக்கத்தையும் தாங்க வேண்டும். கவசமில்லாத தொழில் காலணிகளுக்கு ஐஎஸ்ஓ 20347 தனியே உள்ளது. கவசம் உள்ள பூட்ஸைப் போட்டுப் பார்க்கும்போது குந்தி உட்கார்ந்து பாருங்கள். அதன் பின்விளிம்பு விரல்களின் மேல் அழுத்தினால் அந்தப் பூட்ஸ் உங்களுக்கானதல்ல.

நமக்கேற்ப அமைத்துக்கொள்வது

ஆர்டரின்பேரில் செய்துகொடுக்கும் பட்டறைகளில் தோல், உயரம், முன்வடிவம், சோல், கொக்கி எல்லாவற்றையும் நாமே சொல்லலாம். மரம் வெட்டுபவர்களுக்கும் காட்டுத்தீ அணைப்பவர்களுக்கும் பூட்ஸ் செய்வதில் பெயர்பெற்ற அமெரிக்காவின் ஸ்போகேன் நகரப் பட்டறைகள் பாத வரைபடத்தையும் சுற்றளவுகளையும் வாங்கிக்கொண்டு செய்கின்றன. அப்படி அளவு அனுப்பும்போது உள்ளதை உள்ளபடி அனுப்புங்கள். நீங்களாகவே கொஞ்சம் கூட்டி எழுதினால், தயாரிப்பாளரும் தன் கணக்குக்குக் கொஞ்சம் கூட்டுவார், பூட்ஸ் தொளதொளவென்று வந்து சேரும். பெருவிரல் மூட்டில் புடைப்பு, பழைய எலும்பு முறிவு, கால் ஆணி போன்றவற்றை வரைபடத்திலேயே குறித்து எழுதுங்கள். எந்தக் காலுறை அணிவீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

உயரத்தில் 15 சென்டிமீட்டர் அன்றாட வேலைக்கும், 20 அல்லது 25 சென்டிமீட்டர் புதர், சரளை, சரிவு ஆகியவற்றுக்கும் ஏற்றது. உயரம் கூடக்கூடக் கணுக்காலில் பழக வேண்டிய தோலும் கூடும். மேல்பகுதியில் கொக்கிகள் இருந்தால் போடுவதும் கழற்றுவதும் எளிது; முள்ளிலோ கம்பியிலோ மாட்டக்கூடிய வேலை என்றால் முழுவதும் கண்களாகவே கேளுங்கள். நாக்கு இருபுறமும் மடிப்புத் தோலால் இணைந்திருந்தால் தூசியும் நீரும் உள்ளே வராது. தீப்பொறி பறக்கும் வேலையில் நைலான் லேஸ் உருகிவிடும். தோல் லேஸோ சூடு தாங்கும் அராமிட் நார் லேஸோ வாங்கி, அதன் மேல் மூடும் கூடுதல் நாக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தையல் நூல் பருத்தியாக இருந்தால் வியர்வையில் இற்றுப்போகும், பாலியெஸ்டர் அல்லது நைலான் நூலைக் கேளுங்கள். உயர்ந்த குதி சரிவில் நன்றாக ஊன்றும், ஆனால் தட்டைக் காலணியிலேயே பழகியவருக்கு முதல் சில வாரங்கள் கெண்டைக்கால் வலிக்கும். நிறம், நூலின் நிறம், பித்தளையா கறுப்பு உலோகமா என்பவற்றை அவரவர் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம்.

வாங்கிய பிறகும் மாற்றங்கள் செய்யலாம். ஓரிடத்தில் மட்டும் எலும்பு அழுத்தினால், தொழிலாளி ஒரு முனையில் உருண்டையும் மறுமுனையில் வளையமும் உள்ள கிடுக்கியால் அந்த இடத்தை மட்டும் புடைக்கச் செய்து தருவார். புறங்கால் தாழ்ந்தவர்களுக்கு நாக்கின் அடியில் ஒட்டும் மெத்தைத் துண்டு, பாதத்தைப் பின்னுக்குத் தள்ளிக் குதிகாலைக் கிண்ணத்தில் அமர்த்தும். பூட்ஸின் கொள்ளளவு சற்றுக் கூடுதல் என்றால் மெல்லிய கூடுதல் இன்சோல் போதும். ஆனால் தடித்த மெத்தை இன்சோலைப் போட்டால், காலின் அச்சை வாங்க வேண்டிய தோலுக்கும் பாதத்துக்கும் தொடர்பே இல்லாமல் போகும். அதைப் பழகும் காலம் முடிந்த பிறகு யோசிப்பதே நல்லது.

லேஸ் கட்டும் முறையே ஒரு மாற்றம்தான், செலவில்லாதது. குதிகால் எழும்பினால், புறங்கால் வளைந்து மேலேறும் இடத்தில் லேஸை ஒன்றுக்குப் பதிலாக இரண்டு முறை முறுக்கி இறுக்குங்கள். அந்த முடிச்சு கீழ்ப்பகுதியின் இறுக்கத்தைப் பிடித்துவைக்கும். புறங்கால் மேட்டில் வலித்தால், அந்த இடத்தில் மட்டும் லேஸைக் குறுக்கே போடாமல், அதே பக்கத்திலுள்ள அடுத்த கண்ணுக்கு நேராக ஏற்றுங்கள்.

காலுக்குப் பழக்குவது

புதிய ஜோடியை நேராக ஒரு முழு வேலைநாளுக்குப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். முதலில் கையால் தொடங்குங்கள்: கணுக்கால் பகுதியை முன்னும் பின்னும் இருபது முப்பது முறை மடக்கி விடுங்கள், நாக்கைச் சுருட்டி விரியுங்கள். பதனிடும்போது ஏற்றிய கொழுப்பு புதிய தோலில் போதிய அளவு இருக்கும் என்பதால் எண்ணெய் பூச வேண்டியதில்லை. தோல் தொட்டால் வறண்டு, வெளிறித் தெரிந்தால் மட்டும் மிக மெல்லியதாக ஒரு பூச்சு கொடுக்கலாம்.

முதல் மடிப்பு எங்கே விழுகிறதோ அங்கேதான் தோல் கடைசிவரை மடியும். எனவே இதை நான் எப்போதும் செய்கிறேன். பூட்ஸைப் போட்டு லேஸை நன்றாகக் கட்டிக்கொண்டு, விரல்கள் மடியும் இடத்தில், முன்பகுதியின் குறுக்கே ஒரு வட்டமான பென்சிலைப் படுக்க வைத்து அழுத்திப் பிடித்தபடி, குதிகாலை மெதுவாக உயர்த்துகிறேன். பென்சிலை ஒட்டித் தோல் பள்ளமாகி, அதன் இருபுறமும் மெல்ல மேடு எழும்புவதைக் கண்ணால் பார்க்கலாம். மறுகாலிலும் அதே இடத்தில் செய்தால் இரண்டும் ஒரே மாதிரி மடியும். விரலின் மேல் குறுக்காக விழுந்து கடிக்கும் கோணல் மடிப்பு பெரும்பாலும் தவிர்ந்துவிடும்.

முதல் மூன்று நான்கு நாட்கள் வீட்டுக்குள் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் அணியுங்கள். சும்மா உட்காராமல் நடங்கள், படி ஏறுங்கள், குந்தி எழுந்திருங்கள். மடியாத தோல் இளகாது. அடுத்த வாரம் வெளியே அரை நாள், அதற்கடுத்த வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வேலைக்கு. பழைய ஜோடியைக் கூடவே எடுத்துச் சென்று, கடி தொடங்கியதும் மாற்றிக்கொள்ளுங்கள். 2 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த தோலும் பட்டைத் தோல் இன்சோலும் உள்ள பூட்ஸ் முழுமையாகப் பழக, என் அனுபவத்தில், மூன்று முதல் ஆறு வாரங்கள் ஆகின்றன. அதற்குள் இன்சோலில் குதிகாலின் குழியும் ஐந்து விரல்களின் தடமும் பதிந்து, அடியிலுள்ள தக்கையும் அதற்கேற்ப அமுங்கியிருக்கும். காலுறை தடித்த கம்பளி நூலில் இருப்பது நல்லது, ஈரத்தை உறிஞ்சிக்கொண்டாலும் அது நசநசக்காது. உள்ளே மெல்லியதாக இன்னொன்றும் அணிந்தால் உராய்வு இரண்டு காலுறைகளுக்கு நடுவே நிகழும், தோலில் நிகழாது.

இந்த நாட்களில் வரும் வலிகள் எல்லாம் ஒன்றல்ல, அவற்றைப் பிரித்தறிவதில்தான் பழக்குவதன் நுணுக்கம் முழுவதும் இருக்கிறது. உள்ளங்கால் வளைவிலும் கெண்டைக்காலிலும் மந்தமான தசைவலி வந்தால், பூட்ஸ் உங்களைத் தாங்கும் விதம் தசைகளுக்குப் புதிது என்று பொருள். சில நாட்களில் அது தணியும். குதிகாலிலோ கணுக்கால் எலும்பிலோ சுருக்கென்று எரிந்தால் அது உராய்வு. அந்தக் கணமே கழற்றி, சிவந்த இடத்தில் மருத்துவ ஒட்டுநாடாவை ஒட்டுங்கள். கொப்புளம் எழுந்த பிறகு ஒட்டிப் பயனில்லை. லேஸை இறுக்கிக் கட்டினால் குதிகால் எரிச்சல் பெரும்பாலும் குறையும், ஏனெனில் கடிப்பது இறுக்கமல்ல, அசைவு. எலும்பின் மேல் ஒரே புள்ளியில் குத்தும் வலி ஒரு வாரத்துக்குப் பிறகும் குறையவில்லையென்றால், காலுறையில் அந்த இடத்தில் சாக்குக்கட்டியைத் தடவி அணிந்து நடங்கள். உள்தோலில் படியும் வெள்ளைத் தடத்தைக் காட்டினால் தொழிலாளி அங்கே மட்டும் இளக்கித் தருவார். விரல்கள் மரத்துப்போனாலோ ஊசி குத்துவதுபோல் இருந்தாலோ நரம்பு அழுந்துகிறது. லேஸைத் தளர்த்தியும் அது நீடித்தால், அகலமோ புறங்கால் உயரமோ போதவில்லை என்று பொருள். பூட்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விரல் நுனி முன்னால் முட்டும் வலிக்கும் இதுவே தீர்ப்பு.

நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். அவர்கள் வலியை வழிகாட்டியாகக் கொள்ள முடியாது. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் பாதத்தின் எல்லாப் பக்கங்களையும் கண்ணால் பார்க்க வேண்டும், விறைப்பான பூட்ஸ் வாங்கும் முன்பே மருத்துவரைக் கேட்டுவிட வேண்டும்.

குறுக்குவழிகள் பல சொல்லப்படுகின்றன. பூட்ஸை நீரில் ஊறவைத்து, காலிலேயே காயும்வரை நடப்பது அவற்றில் மிகப் பழையது. நனைந்த தோல் காலின் வடிவத்தை வேகமாக வாங்கிக்கொள்ளும் என்பது உண்மைதான்; ஆனால் வெளியேறும் நீர் தோலுக்குள் இருந்த கொழுப்பையும் கொண்டுபோகிறது, காய்ந்த நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி விறைக்கின்றன, இன்சோல் சுருண்டு வெடிக்கிறது, வெல்ட் தையல் இழுபடுகிறது. முடி உலர்த்தும் கருவியால் சூடேற்றுவதும் அடுப்பருகே வைப்பதும் இன்னும் மோசம்: ஈரமுள்ள தோலில் சூடு ஏறினால் அதன் புரதம் சுருங்கி இறுகிவிடும், அதை எந்த எண்ணெயும் மீட்காது. நீர் நிரப்பிய பையை உள்ளே வைத்து உறையச் செய்வது, எங்கே இளக வேண்டும் என்று பார்க்காமல் எல்லாத் தையல்களையும் ஒருசேரத் தள்ளுகிறது. ஒரு வாரத்தை மிச்சப்படுத்தப் போய்ப் பல ஆண்டுகளை இழக்காதீர்கள்.

வேலையில் தானாக நனைந்துவிட்டால் இன்சோலைக் கழற்ற முடிந்தால் கழற்றி, செய்தித்தாளைக் கசக்கி உள்ளே அடைத்து, ஈரமானதும் மாற்றி, நிழலில் காற்றோட்டமாக வையுங்கள். ஓரிரு நாள் பிடிக்கும். முற்றும் காய்வதற்குச் சற்று முன்பு மெல்லிய எண்ணெய்ப்பூச்சு கொடுத்தால் விறைக்காது. வசதி இருந்தால் இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றி அணியுங்கள். ஒரு நாள் வியர்வை முழுதும் உலர ஒரு நாளாவது வேண்டும், ஈரம் காயாத தோலும் தையலும் விரைவில் மக்கும்.

பழகிய பிறகு பராமரிப்பு எளியது. வாரத்துக்கு ஒருமுறை தூரிகையால் தட்டி, வெல்ட் இடுக்கிலுள்ள மண்ணை நீக்குங்கள். மண்துகள் அங்கே ரம்பம்போல் நூலை அறுக்கும். தோல் வறண்டு தெரியும்போது மட்டும், தேன்மெழுகு கலந்த பசையோ தோல் எண்ணெயோ துணியில் தொட்டு மெல்லியதாகத் தேயுங்கள். அடிக்கடி ஊற்றிப் பூசினால் தோல் கருத்து, நார்கள் தளர்ந்து, குதிகால் கிண்ணம் தன் பிடிப்பை இழக்கும். முதலில் தேய்வது குதியின் வெளிவிளிம்பு. ரப்பர் தேய்ந்து அடியிலுள்ள தோலடுக்கு தெரிவதற்குள் அதை மாற்றிவிடுங்கள், சோல் தேய்ந்து வெல்ட் தரையில் உராயத் தொடங்கும் முன் சோலையும் மாற்றுங்கள்.

சோல் மாற்றக் கொடுக்கும்போது, இன்சோலைத் தொடாமல் தக்கையை மட்டும் புதுப்பிக்க முடியுமா என்று தொழிலாளியிடம் கேளுங்கள். வாரக்கணக்கில் உங்கள் கால் பதித்த அச்சு அந்தத் தோலில்தான் இருக்கிறது. திரும்பி வந்த பூட்ஸில் சோலும் தக்கையும் புதியவை என்பதால் முதல் இரண்டு மூன்று நாட்கள் சற்று உயரமாகவும் விறைப்பாகவும் தோன்றும். அந்த நாட்களிலும் அரை நாள் அணிந்து, மாற்று ஜோடியைக் கூடவே வைத்திருங்கள்.